ஜூனில் பள்ளியைத் திறந்தால் பின்தங்கிய பிள்ளை எட்டிப் பிடிக்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மகன் சிங்கப்பூரில் தொடக்கநிலை 4, அதாவது நான்காம் வகுப்பு, படிக்கிறான். கணிதத்தில் பின்தங்கியிருக்கிறான், தமிழிலும் தடுமாற்றம். தனியார் டியூஷன் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஜூன் விடுமுறையில் நான்கு வாரம் பள்ளிக் கட்டடம் சும்மாதானே கிடக்கிறது, கொவிட்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் கோடைப்பள்ளி நடத்தியது போல இங்கேயும் திறந்து பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் என்ன என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, கல்வி அமைச்சு என்ன செய்ய வேண்டும் என்பது. மற்றது, வருகிற ஜூனில் நீங்கள் என்ன செய்யலாம் என்பது. இதுவரை வந்த பதில்கள் எல்லாம் முதல் கேள்வியிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு அவசரம் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் நீண்ட காலம் கணிதக் கற்றல் ஆதரவு வகுப்புகளை எடுத்தவள். வகுப்பில் எட்டிப் பிடிக்க முடியாத பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து உட்கார வைத்துச் சொல்லித்தரும் வேலை. இப்போது வார இறுதிகளில் குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்பு ஒன்றில் உதவுகிறேன். உயர்நிலைப் பிள்ளைகளுடன் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் தொடக்கப்பள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஜூனில் பள்ளி முழுவதும் பூட்டிக் கிடப்பதில்லை. தொடக்கநிலை 6 பிள்ளைகளும் உயர்நிலை 4 பிள்ளைகளும் தேர்வு ஆண்டு என்பதால் சில நாள்களாவது வகுப்புக்கு வருவார்கள். இணைப்பாட நடவடிக்கைப் பயிற்சி, முகாம் என்று வேறு பிள்ளைகளும் வந்துபோவார்கள். கேண்டீனில் பாதிக் கடை மூடியிருக்கும், பிள்ளைகள் ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக வருவார்கள். ஆக, விடுமுறையில் பள்ளியைத் திறப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. யாருக்காகத் திறக்கிறோம் என்பதுதான் விஷயம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகிற பிள்ளைக்குத் திறக்கிறோம். தொடக்கநிலை 3, 4இல், கோளாறு சின்னதாக இருக்கும்போதே சரிசெய்துவிடக்கூடிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிகிறது.

அப்புறம், 'விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள்' என்ற பேச்சு. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. இந்தப் பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கோடை விடுமுறை இரண்டரை மாதத்துக்கு நெருக்கம். 1996இல் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் முப்பத்தொன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடை முடியும்போது பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழந்து நிற்கிறார்கள் என்றும், வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டோரிஸ் என்ட்விசல், கார்ல் அலெக்சாண்டர் குழு இதற்குக் குழாயை உவமை சொன்னது. பள்ளி நடக்கும்போது குழாய் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது, கோடையில் மூடிவிடுகிறது, வசதியுள்ள வீட்டில் மட்டும் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்பது அதன் சாரம். கேட்டவுடன் பொருந்திவிடுகிற உவமை. ஆனால் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 2019இல் பழைய முடிவுகளைப் புதிய சோதனைகளை வைத்து மறுபடி சரிபார்த்தபோது, பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் உள்ள இடைவெளி கோடையில்தான் பெருகுகிறது என்ற முடிவு அப்படியே திரும்பி வரவில்லை. பழைய சோதனைகள் மதிப்பெண்ணைக் கணக்கிட்ட முறையே அந்தத் தோற்றத்தைத் தந்திருக்கலாம் என்றார். எனவே மறதி உண்டா என்றால் உண்டு, எவ்வளவு என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. நம் ஜூன் விடுமுறை நான்கு வாரம், ஆண்டிறுதி விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். அமெரிக்கக் கணக்கை எடுத்து நம் ஊருக்குப் பொருத்த முடியாது.

தமிழ் மட்டும் இதில் வேறு கதை. கணிதத்தில் மறந்தது, ஜூன் விடுமுறை முடிந்து தொடங்கும் மூன்றாம் தவணையின் இரண்டாம் வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். வீட்டில் ஆங்கிலம் மட்டும் புழங்கும் பிள்ளைக்குத் தமிழ் அப்படித் திரும்புவதில்லை. பள்ளிதான் அதற்குத் தமிழ் கேட்கும் ஒரே இடம். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியை ஜனவரியில் முதல் சொல்வதெழுதுதல் தாள்களைத் திருத்திவிட்டு என்னிடம் காட்டுவார். நவம்பரில் 'பள்ளிக்கு விளையாடச் சென்றான்' என்று சரியாக எழுதிய அதே பிள்ளை 'பல்லிக்கு விலையாட' என்று எழுதியிருக்கும். எழுத்து மறந்துபோனதால் அல்ல, ஆறு வாரமாக அந்த ஒலி காதில் விழாததால். இதற்கு விடுமுறை வகுப்பு தேவையில்லை, வீட்டில் ஆள் பேசினால் போதும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, கணிதத்துக்கு வருவோம். 'பின்தங்கியிருக்கிறான்' என்று ஆசிரியர் ஒருவர் சொன்னால் பெற்றோர் காதில் அது 'பாடம் பாக்கி இருக்கிறது' என்று விழுகிறது. பாக்கியை விடுமுறையில் அடைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உள்ளே நடப்பது வேறு. தொடக்கநிலை 4 பிள்ளையிடம் 403இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 225 என்று வர வேண்டும். என்னிடம் வந்த பிள்ளைகளில் கணிசமானவர்கள் 375 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைத்து அம்மா அதட்டுவார். கவனமாகத்தான் போட்டிருக்கிறது பிள்ளை. 3இலிருந்து 8 போகாது, அதனால் 8இலிருந்து 3ஐக் கழித்து 5. 0இலிருந்து 7 போகாது, 7. 4இலிருந்து 1, 3. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியைச் செய்துகொண்டு, எல்லாக் கணக்கிலும் தவறாமல் அதைப் பின்பற்றுகிறது. கடன் வாங்கிக் கழித்தல் தொடக்கநிலை 2இல் வந்த பாடம். அந்த இடத்தில் வழுக்கிய பிள்ளை இப்போது நீள் வகுத்தலில் நிற்கிறது, நாளை தசமத்தில் நிற்கும். இந்தப் பிள்ளையை ஜூனில் வரவழைத்துத் தொடக்கநிலை 4 பயிற்சித்தாள்களை இன்னும் முப்பது கொடுத்தால் என்ன நடக்கும்? தப்பான விதி முப்பது தடவை பழகும். நூறு, பத்து, ஒன்று என்று கட்டைகளை மேசையில் பரப்பி, ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக மாற்றிக் காட்டினால் பல பிள்ளைகள் சில நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நாற்பது பேர் வரை உட்காரும் வகுப்பில், அந்த வார அத்தியாயத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு அதற்கு நேரம் எங்கே?

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. விடுமுறை வகுப்பின் மதிப்பு கூடுதல் நாள்களில் இல்லை, பாடத்திட்டத்தின் பிடியிலிருந்து கிடைக்கும் விடுதலையில் இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று பீகாரிலிருந்து வருகிறது. பிரதம் என்ற அமைப்பு, பிள்ளைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலை வாரியாகக் குழு பிரித்து வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் முறையை உருவாக்கியது. 2008 ஜூனில் அரசுப் பள்ளி ஆசிரியர்களை வைத்தே ஒரு மாதக் கோடை முகாம் நடத்தினார்கள், பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில் பள்ளி நடக்கும் மாதங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். முறை ஒன்றுதான், கற்பித்தவர்களும் அரசு ஆசிரியர்கள்தான். பள்ளி நாள்களில் அவர்களைப் புத்தகத்தை முடிக்கும் கடமை பிடித்துக்கொண்டது, ஜூனில் அது இல்லை. நான் இதைப் படித்தபோது நம் ஊர் ஆசிரியர் அறைதான் கண்முன் வந்தது.

ஆனால் இதே சான்று எதிர்ப்பக்கமும் பேசுகிறது. பாடத்திட்டத்தின் பிடியைத் தளர்த்துவதற்கு விடுமுறைதான் ஒரே வழியா? தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைப் பாருங்கள். மாலையில், வீட்டுக்குப் பக்கத்தில், தன்னார்வலர்கள் நடத்திய ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர் அங்கே கிராமப்புறப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட பெரும் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மீதியைப் பள்ளி மறுபடி ஒழுங்காக நடந்ததே செய்துவிட்டது. இதை விடுமுறையைத் தொடாமலே சாதித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

விடுமுறை வகுப்புக்கு இன்னொரு பெரிய சங்கடம், பிள்ளைகள் வர வேண்டும். அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் 2013இல் தொடங்கிய பெரிய கோடைக் கல்வித் திட்டத்தை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு, பேருந்தும் உண்டு. அப்படியும் பெயர் கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒருநாள்கூட வரவில்லை. முதல் கோடை முடிவில் கணிதத்தில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது, வாசிப்பில் தெரியவில்லை. இருபது நாளும் அதற்கு மேலும் வந்த பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்தது. இதில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். தவறாமல் வருகிற பிள்ளையின் வீடும் பெரும்பாலும் ஒழுங்கான வீடாகத்தான் இருக்கும். பலன் வகுப்பால் வந்ததா, அந்த வீட்டால் வந்ததா என்று முழுதாகப் பிரிப்பது கடினம். நம் ஊரில் ஜூன் என்றால் ஊருக்குப் போகும் மாதம் வேறு. திருச்சிக்கும் சென்னைக்கும் விமானச் சீட்டு பிப்ரவரியிலேயே வாங்கிவிடுகிறோம். பாட்டியைப் பார்க்கப் போகும் பிள்ளையைத் தடுத்து வகுப்பில் உட்கார வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தமிழுக்கு அந்த மூன்று வாரத்தைவிட நல்ல வகுப்பும் கிடையாது.

இங்கிலாந்தைச் சொன்னீர்கள். அங்கே 2021 கோடைப்பள்ளிகளுக்கு 20 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், பெரும்பாலும் உயர்நிலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து. ஆனால் அதை வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொவிட்டில் இழந்த படிப்பை மீட்கும் பணிக்கென்று அரசே நியமித்த கெவன் காலின்ஸ், தேவைப்படும் தொகையில் சிறு பகுதியைத்தான் அரசு தருகிறது என்று சொல்லி அந்த ஜூனிலேயே பதவி விலகிவிட்டார். அந்நாட்டுக் கல்வி ஆய்வு அறக்கட்டளை ஒன்றின் தொகுப்பில், கோடைப்பள்ளிக்குச் சராசரியாக மூன்று மாதக் கூடுதல் முன்னேற்றம் என்றும், சிறு குழுப் பயிற்சிக்கு நான்கு மாதம் என்றும் இருக்கிறது. சராசரிதான், பள்ளிக்குப் பள்ளி மாறும். இருந்தாலும் பள்ளி நாளிலேயே செய்யக்கூடியது சற்று முன்னால் நிற்கிறது.

நாம் என்ன செய்தோம் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் கொவிட் ஊரடங்கான நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் வந்தபோது, கல்வி அமைச்சு விடுமுறையை வெட்டிப் பாடம் நடத்தவில்லை. ஜூன் விடுமுறையை மே 5ஆம் தேதிக்கு முன்கூட்டி நகர்த்தியது. அரையாண்டுத் தேர்வுகளை அந்த ஆண்டு ரத்து செய்தது. தேசியத் தேர்வுகளில் கடைசியாகக் கற்பிக்கும் பாடப்பகுதிகளை எடுத்துவிட்டது. அதாவது பிள்ளையை ஓடவைப்பதற்குப் பதில் தூரத்தைக் குறைத்தது. அப்போது ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து என் கருத்தைக் கேட்டால்: எல்லாப் பிள்ளைக்கும் ஜூனில் பள்ளியைத் திறக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வீண், ஆசிரியர்களுக்குக் கொடுமை. தொடக்கநிலை 3, 4இல், குறிப்பிட்ட ஓர் அடிப்படை இடத்தில் வழுக்கியிருக்கிறது என்று ஆசிரியர் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கலாம். முதல் இரண்டு வாரம் பிள்ளைக்கு விட்டுவிட்டு, கடைசி இரண்டு வாரம், காலையில் மட்டும், ஆறேழு பேர் கொண்ட குழுவாக, காலைச் சாப்பாட்டுடன். டிசம்பரைவிட ஜூன் நல்லது, ஏனென்றால் ஐந்து மாதம் அந்தப் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர் இருக்கிறார், கற்றதை உடனே அடுத்த வாரமே வகுப்பில் பயன்படுத்தவும் முடியும். கற்பிப்பது அதே ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை, ஓய்வுபெற்றவர்களும் பகுதிநேர ஆசிரியர்களும் செய்யலாம். ஆனால் எங்கே வழுக்கியது என்ற குறிப்பு அந்த ஆசிரியரிடமிருந்து வர வேண்டும், ஜூலையில் அவரே தொடர வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் வேண்டாம், அந்தப் பணத்தைப் பள்ளி நாளில் கற்றல் ஆதரவு வகுப்புகளுக்குப் போடட்டும். இதில் கூச்சம் என்ற ஒன்றும் இருக்கிறது. 'நீ ஜூனில் வரணுமா?' என்று நண்பன் கேட்கும் கேள்வி ஒன்பது வயதில் சின்னதல்ல. காலையில் கணிதம், பிறகு பந்து விளையாட்டு என்று கலந்து வைத்த பள்ளிகளில் இந்தக் கூச்சம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

'ஓய்வு வேண்டாமா?' என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும்தான். ஆனால் 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்த ஊர் டியூஷனுக்கு ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி செலவழிக்கிறது. காசு உள்ள வீட்டுப் பிள்ளை ஜூனில் சும்மா இருப்பதில்லை. ஓய்வைப் பற்றிய கவலை, டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்குப் பள்ளி ஏதாவது தரலாம் என்னும்போது மட்டும் எழுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இனி உங்கள் மகன். விடுமுறைக்கு முன்பே அவனுடைய கணித ஆசிரியருக்கு எழுதுங்கள். 'எப்படி முன்னேற்றுவது?' என்று பொதுவாகக் கேட்டால் 'நிறையப் பயிற்சி செய்யட்டும்' என்ற பதில்தான் வரும். 'எந்த இடத்தில் முதலில் நிற்கிறான், அது எந்த வகுப்புப் பாடம்?' என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களால் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியும். நீங்களும் மேலே சொன்ன கழித்தலைக் கொடுத்துப் பாருங்கள், எப்படிப் போட்டான் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். பெருக்கல் வாய்ப்பாடு தயங்காமல் வருகிறதா என்றும் பாருங்கள். தொடக்கநிலை 4இல் பாதிச் சிக்கல் அங்கேதான். குறை எது என்று தெரிந்துவிட்டால் நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் போதும். ஊருக்குப் போனால் அங்கேயும் செய்யலாம். தமிழுக்குப் பயிற்சித்தாள் வேண்டாம். ஒருவேளைச் சாப்பாடு முழுக்கத் தமிழில் பேசுவது, நூலகத்திலிருந்து அவன் வயதுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீங்கள் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம் வாசிப்பது, காரிலோ சமையலறையிலோ ஒலி 96.8 தமிழ் வானொலி ஓடுவது, இவ்வளவு போதும்.

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை விசாரித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டணம் தனியார் டியூஷனைவிட வெகு குறைவு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. இன்னொன்று, கணிதத்தில் எண் கணக்குகள் சரியாக வந்து, கதைக் கணக்குகள் மட்டும் தவறினால், குறை கணிதத்தில் இல்லாமல் வாசிப்பில் இருக்கலாம். ஆங்கிலமும் திக்கித்தான் படிக்கிறான் என்றால் அதையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வாசிப்புக் குறைபாடு உள்ள தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலேயே தனித் திட்டம் இருக்கிறது. அதில் சேர்க்கத் தொடக்கநிலை 4 முடியும் வரை காத்திருக்காதீர்கள். கழித்தலில் என்ன விடை வந்தது என்று நேரம் கிடைத்தால் இங்கே எழுதுங்கள், அடுத்து எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.